உக்கடம் – பொள்ளாச்சி பாட்டு பஸ்: சில்லறை வராது, சண்டை உண்டு

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கிலோமீட்டர். நின்றால் கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு பஸ் வந்துவிடும். அப்படிப்பட்ட ரூட்டில், வந்த நாலு பஸ்ஸை விட்டுவிட்டு ஐந்தாவதுக்காக நிற்கிற ஆட்கள் உண்டு. இரண்டு வருடமாக நானும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி. சீட்டுக்காக இல்லை, வேகத்துக்காகவும் இல்லை, பாட்டுக்காக. கோவைப் பக்கம் தனியார் பஸ் என்றாலே பாட்டுதான், அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வண்டியின் சாயங்கால நடையில் பாட்டோடு சேர்த்து ஒரு பட்டிமன்றமும் ஓடுகிறது: இதுவரை வந்ததிலேயே பெரிய பாட்டு எது? நடுவர் கண்டக்டர். வண்டியின் பெயரை எழுதப் போவதில்லை, நடுவில் நாலு இடத்தில் திட்டவும் போகிறேன்.

முதலில் வண்டி. இரண்டும் மூன்றுமாக சீட்டு, ரெக்ஸின் உறை, கால் நீட்ட இடம் கிடையாது. என்னைப் போல உயரமானவர்கள் முட்டியை முன் சீட்டுக் கம்பிக்கு நேர்ந்துவிட வேண்டியதுதான். லக்கேஜ் கம்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்பீக்கர், கடைசி சீட்டுக்கு அடியில் கனத்த அடித்தொனிக்கென்று ஒரு உஃபர், டிரைவர் தலைக்கு மேலே ஆம்ப்ளிஃபயர். பென் டிரைவ் மூன்று வைத்திருக்கிறார்கள். காலை முதல் நடைக்கு பக்திப் பாட்டு. சுந்தராபுரம் தாண்டி ஈச்சனாரி பிள்ளையார் கோயில் வரும்போது சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினைதீர்ப்பவனே’ சரியாக வந்து விழும், எப்படித்தான் நேரம் பார்த்துப் போடுகிறார்களோ. அப்புறம் டி.எம்.எஸ்.ஸின் ‘உள்ளம் உருகுதய்யா’. அந்த நேரத்தில் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. பகல் பென் டிரைவில் அனிருத்தும் ரஹ்மானும், காலேஜ் கூட்டத்துக்கு. சண்டை எல்லாம் மூன்றாவது பென் டிரைவில்தான், அது முக்கால்வாசி இளையராஜா.

ஆரம்பித்து வைத்தது மலுமிச்சம்பட்டியில் இறங்குகிற ஒரு காலேஜ் பையன். ‘ராக்கம்மா கையத் தட்டு’ ஓடிக்கொண்டிருந்தது. “இதுதாங்ண்ணா நம்பர் ஒன்னு, பிபிசியே சொல்லிருச்சு” என்றான். பிபிசி அப்படிச் சொல்லவில்லை. 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய ஓட்டெடுப்பில் தளபதி பாட்டுக்குக் கிடைத்தது நாலாவது இடம். அதுவே பெரிய விஷயம்தான். செர் பாடிய ‘பிலீவ்’ எட்டாவது, குயின் குழுவின் ‘போஹிமியன் ராப்சடி’ பத்தாவது என்றால் பாருங்கள். ஆனால் முதல் மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு: ஒன்று, அயர்லாந்தின் வுல்ஃப் டோன்ஸ் பாடிய ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’, இரண்டு, ‘வந்தே மாதரம்’, மூன்று, ‘தில் தில் பாகிஸ்தான்’. மூன்றுமே நாட்டைப் பற்றிய பாட்டு. அந்த ஓட்டெல்லாம் பாட்டுக்கு விழுந்ததா, கொடிக்கு விழுந்ததா?

அதைவிட வேடிக்கை ஐந்தாவது இடம். அதுவும் தமிழ்ப் பாட்டு, திருமலை சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. வண்டியில் யாராவது கேட்டதுண்டா என்று கண்டக்டர் சத்தம் போட்டுக் கேட்டார். நின்றவர் உட்கார்ந்தவர் எல்லாம் சேர்த்து அறுபது பேர் இருப்போம், ஒருவர் கை தூக்கவில்லை. உலகத்திலேயே ஐந்தாவது பெரிய பாட்டு நம் மொழியிலேயே இருக்கிறது, ஒரு பஸ் நிறையத் தமிழர்கள் அதைக் கேட்டதில்லை. அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்த் தேடிக் கேட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பின்னால் இருந்த இன்னொரு பையன் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 பாட்டுப் பட்டியலை எடுத்துவிட்டான். அதுவும் நிலையில்லாத சங்கதி. 2004-லும் 2010-லும் பாப் டிலனை முதலிடத்தில் வைத்தவர்கள், 2021-ல் அவரை நாலாவதுக்கு இறக்கிவிட்டு அரிதா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை மேலே ஏற்றினார்கள். பாட்டு மாறவில்லை, ஓட்டுப் போட்ட ஆட்கள் மாறிவிட்டார்கள்.

ராக்கம்மா விஷயத்தில் உண்மையான அடி விழுந்தது டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்து. நெற்றி நிறையத் திருநீறு, கோவில்பாளையத்தில் இறங்குகிற ஒரு பெரியவர். அந்தப் பாட்டின் நடுவில் ‘குனித்த புருவமும்’ என்று ஒரு பகுதி வரும், கேட்டிருப்பீர்கள். அது அப்பர் தில்லையில் பாடிய தேவாரம். “நாலாவது எடம்னா அதுல பாதி அப்பருக்குத்தான் சேரோணும்” என்றார் பெரியவர். “1300 வருசம் கழிச்சும் குத்துப்பாட்டுக்கு நடுவுல நின்னு அசையாம பாடறார் பாருங்க.” பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு செல்போனில் எதையோ தேட ஆரம்பித்தான், தேவாரமாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு நாள் பெண்கள் சீட்டில் இருந்து ஒரு நர்ஸ் அக்கா திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, நீங்க சொல்ற பாட்டெல்லாம் ஆம்பளைங்க பாடுனதாவே இருக்குதே” என்று கேட்டார். அவருடைய கட்சி சுசீலா, ‘நாளை இந்த வேளை பார்த்து’. சாதாரண ஆளில்லை அவர், கையில் ஆதாரத்தோடு வந்திருந்தார்: பின்னணிப் பாடகிக்கு தேசிய விருது என்று ஒன்றை ஆரம்பித்தபோது முதல் ஆளாக அதை வாங்கியவர் சுசீலா, வாங்கியது இந்தப் பாட்டுக்கு. கண்டக்டரிடம் அது பென் டிரைவில் இல்லை. தன் போனிலிருந்து ப்ளூடூத் போட்டுக் கொடுத்தார். இதற்காகவே இந்த சர்வீஸுக்கு ஒரு மார்க் கூடுதலாகப் போடலாம். வேறு எந்த பஸ்ஸில் பயணி கேட்ட பாட்டை இப்படிப் போடுகிறார்கள்?

சரி, என் கட்சிக்கு வருகிறேன். ‘மயக்கமா கலக்கமா’. சுமைதாங்கி, 1962, கண்ணதாசன் எழுதி விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடியது. மெட்டு நல்ல மெட்டு, குரல் தேன், இதையெல்லாம் சொல்லி யாரையும் ஜெயிக்க முடியாது, எல்லாரும் தங்கள் பாட்டுக்கும் அதையேதான் சொல்வார்கள். நான் வேறு வழியில் போனேன். சினிமாவில் வாய்ப்பில்லாமல் நொந்துபோய், மெட்ராஸே வேண்டாம் என்று கிளம்ப இருந்த வாலி, ஸ்ரீனிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியதைக் கேட்டுத்தான் மனம் மாறி அங்கேயே தங்கினார். அவரே பல மேடைகளில் சொன்ன கதை. சரி, ராக்கம்மா பாட்டை எழுதியது யார்? வாலி. நர்ஸ் அக்காவின் ‘நாளை இந்த வேளை பார்த்து’? அதுவும் வாலி. ஆக, இந்த ஒரு பாட்டு இல்லையென்றால் உங்கள் பாட்டு இரண்டும் இல்லை. போட்டியில் மற்ற போட்டியாளர்களைப் பெற்றுப் போட்ட பாட்டுக்கு முதலிடம் கொடுக்காமல் எதற்குக் கொடுப்பீர்கள்?

ஒத்தக்கால்மண்டபம் வரை வண்டியில் எனக்கு நல்ல மரியாதை இருந்தது. டிக்கெட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு வந்து கண்டக்டர் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார். “அண்ணா, நீங்க சொல்றது நல்ல மாத்திரைங்க. மாத்திரை வேற, பாட்டு வேற.”

அவருக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஸ்டாப் வந்த பிறகும் எழுந்திருக்காமல் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதான் கணக்கு. மௌன ராகத்தின் ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ ஓடும்போது கிணத்துக்கடவில் இறங்க வேண்டிய பேங்க்காரர் இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறார். ஆனால் அவர் முதலிடம் கொடுப்பது அவதாரம் படத்தின் ‘தென்றல் வந்து தீண்டும்போது’ பாட்டுக்கு. ராத்திரிக் கடைசி நடையில் அதைப் போட்டால் விசில் அடித்தும் ஆள் அசைவதில்லை என்கிறார். “மூணு தடவ வண்டிய நிறுத்தி எழுப்பி விட்டிருக்கறேனுங்க, தூக்கமில்லீங்க, கண்ணு முழிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கறாங்க.” யோசித்துப் பார்த்தால் பிபிசி ஓட்டெடுப்பைவிட இது நேர்மையானது. தனக்கு ஓட்டு இருப்பதே ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது, கள்ள ஓட்டும் போட முடியாது.

ஆனாலும் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஓட்டுப் போடுவது பயணி இல்லை, ஆம்ப்ளிஃபயர். பேஸ் குமிழை முழுக்கத் திருகி வைத்திருக்கிறார்கள். ராஜாவின் பாட்டில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்கு நிற்காது, பாடகருக்குக் கீழே தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். இந்த உஃபரில் அது நேராக விலா எலும்பில் வந்து உட்காரும். 1962 பாட்டு மோனோவில் பதிவானது, அடியில் கனம் குறைவு. இந்த செட்டில் போட்டால் ஸ்ரீனிவாஸ் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். டீசல் இன்ஜின் சத்தமும் அதே அடிப்பக்கம்தான், அதைத் தாண்டி மேலே வர பழைய பாட்டுக்குத் தெம்பு இல்லை. பழைய பாட்டில் இந்த வண்டியை ஜெயித்தது என் அனுபவத்தில் ஒன்றே ஒன்றுதான், ‘சிங்கார வேலனே தேவா’. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கு உஃபர் தயவு எதற்கு? அதுவும் ஜானகி குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும்போது காதில் இயர்போன் மாட்டியிருந்த பையனே அதைக் கழற்றினான்.

இதைக் கண்டக்டரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல், “அப்ப இன்னிக்கு உங்க பாட்டுக்கு செட்டு மாத்திக் கேட்டுருவோமுங்க” என்று டிரைவரிடம் சொல்லி பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றினார். கிணத்துக்கடவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ‘மயக்கமா கலக்கமா’ ஆரம்பித்தது. குரல் முதல் தடவையாக அந்த பஸ்ஸில் குரலாகக் கேட்டது. பல்லவி முடிகிற இடத்தில் முன்னால் ஒரு தேங்காய் லோடு லாரி, நம் டிரைவர் ஏர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை, முதல் சரணத்தில் பாதி போச்சு. மீதிப் பாட்டை எல்லாரும் கேட்டார்கள், அமைதியாகத்தான் கேட்டார்கள். கிணத்துக்கடவு வந்தது. இறங்க வேண்டிய பதினைந்து பேரும் ஒழுங்காக எழுந்து இறங்கிப் போனார்கள், பேங்க்காரர் உட்பட.

“பாத்தீங்ளா” என்றார் கண்டக்டர்.

“அந்தப் பாட்டைக் கேட்டவன் எந்திரிச்சுப் போய் அடுத்த வேலையைப் பார்ப்பான், தம்பி. அதுக்காக எழுதினதுதான் அது” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “அது வேற டிபார்ட்மென்டுங்க” என்று சொல்லிவிட்டு பேஸைத் திரும்ப ஏற்றிவிட்டார்.

இனி திட்டு. ஏர் ஹாரனைப் பற்றிச் சொல்லிவிட்டேன், இவ்வளவு ரசனையாகப் பாட்டுப் போடுகிற வண்டியில் அதை வைத்திருப்பது பாயசத்தில் மிளகாய்ப் பொடி போடுவது போல. வால்யூம் அதிகம், போன் பேச முடியாது, கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வேறு பஸ் பாருங்கள். வேகமான பாட்டு வந்தால் டிரைவரின் காலும் வேகமாகிறது. ராக்கம்மா ஓடும்போது கோவில்பாளையத்துக்கு முன்னால் ஒரு ஓவர்டேக் எடுத்தார் பாருங்கள், அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அந்தப் பாட்டுக்கு என் ஓட்டு கிடையாது. பொள்ளாச்சி ஸ்டாண்டுக்குள் நுழையும்போது சரணம் நடுவில் பட்டென்று நிறுத்துவது இன்னொரு அநியாயம், அரை நிமிடம் ஓடவிட்டால் என்ன குறைந்துவிடும்? அப்புறம் சில்லறை. “எறங்கறப்ப வாங்கிக்குங்க” என்பார். இறங்கும்போது பாட்டு நல்ல இடத்தில் இருக்கும், மறந்துவிடுவேன். இதுவரை என் ஐந்து ரூபாய் எத்தனை அங்கே நின்றுவிட்டது என்று கணக்கில்லை. அவர் அளவுகோல்படி பார்த்தால் அதுவும் பாட்டுக்கு விழுந்த ஓட்டுதான், அதனால் சண்டையும் போட முடியவில்லை.

பாட்டுத் தேர்வுக்கு ஐந்துக்கு நாலரை, ஒலிக்கு மூன்று, சீட்டுக்கு இரண்டு, பாதுகாப்புக்கு ஒன்றரை. கண்டக்டருக்கு ஐந்து. பாட்டு கேட்க மட்டும் போகிறவர்கள் இடது பக்கம் நாலாவது அல்லது ஐந்தாவது வரிசையில் ஜன்னலோரம் பிடியுங்கள். வாதாட வேண்டும் என்றால் முன்னால், பெரியவருக்குப் பக்கத்தில். கடைசி சீட்டு வேண்டவே வேண்டாம், உஃபர் மேல் உட்கார்ந்து பொள்ளாச்சி வரை போனால் மறுநாள் வரைக்கும் இடுப்பு அதிரும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு வேறு கண்டக்டர். குத்துப்பாட்டு மட்டும் போடுவார், யார் என்ன கேட்டாலும் மாற்ற மாட்டார். சில்லறை மட்டும் டிக்கெட்டோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவார்.