ஸ்டோரில் அடிபட்டால், ஆபீஸ் நீட்டும் கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் என் தம்பிக்கு வேலை. போன வருடம் ராத்திரி ஷிப்டில் ரோலரில் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்தது இன்னொரு லயத்தில் நடக்கக் கூடாது.

1990 என்ற நம்பருக்கு அடித்திருந்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வந்திருக்கும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் பக்கம்தான், அங்கேயும் காசு கிடையாது. ஆனால் ஆபீஸ் வேனில் நேரே கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "செலவெல்லாம் கம்பனி பார்க்கும் தங்கச்சி, பயப்படாதீங்க" என்றார் பெரிய கிளாக்கர். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆறாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று பின்னேரமே கிளாக்கர் லயத்துக்கு வந்து, சிங்களத்தில் அடித்த ஒரு கடதாசியை நீட்டினார். பில் கட்டத்தான் என்றார். தம்பியின் வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோணலாகப் பெயரை எழுதினான். பேனா நழுவாமல் கடதாசியைப் பிடித்துக்கொண்டது நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் 'முற்பணம் 2,500' என்று பிடித்தம். டவுனில் சிங்களம் தெரிந்த ஒரு டீச்சரிடம் கடதாசியின் கொப்பியைக் காட்டினோம். பில்லில் பாதி தம்பி வாங்கிய கடனாம். நட்டஈடு முழுவதும் கிடைத்துவிட்டது, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்றும் எழுதியிருந்தது. ஒரு சதம் கிடைக்கவில்லை. பில்லைக் கேட்டு வாங்கவே இரண்டு மாதம். ஆறு நாளுக்குப் பன்னிரண்டு தடவை கட்டு மாற்றியதாகக் கணக்கு. நான் கூடவே இருந்தேன், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகான இரண்டு நாளுக்கும் ஊசி மருந்து எழுதியிருந்தது.

தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவரிடம் சொன்னோம், பேசிப் பார்க்கிறேன் என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். வேலையில் அடிபட்டால் நட்டஈடு தரவேண்டும் என்று 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அது செல்லாது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்தையும் ஊனத்தின் அளவையும் வைத்துத் தொகை கணிப்பார்கள். 2022இல் உச்சத் தொகையை 20 லட்சமாகக் கூட்டியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்தையும் சேர்த்திருக்கிறார்கள். வேன் புரண்டு அடிபட்ட கொழுந்துக்காரப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு எல்லாம் நம் கையிலேயே இருக்கட்டும். ஆபீஸ் கேட்டால் கொப்பி மட்டும் கொடுங்கள். அடிபட்ட அன்றே டிஸ்பென்சரிப் புத்தகத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அது மூன்று நாள் பிந்திய திகதியில் இருந்தது, அதற்கும் அலைந்தோம்.

விண்ணப்பம் போட்டு நான்கு மாதமாகிறது. விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. இந்த மாதமும் 2,500 பிடித்திருக்கிறார்கள்.