கான்கிரீட் தரையை மட்டம் அடிக்கும் கருவிகள்: வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்ததில்

கோவை, திருப்பூர் பக்கம் வீட்டுத் தரையும் சின்ன ஷெட் தரையும் போட்டுக் கொடுப்பது என் தொழில். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். மெஷினைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் ஒரு தரை மட்டமாக வருவதும் அலையடிப்பதும் பெரும்பாலும் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாளே முடிவாகிவிடுகிறது. கான்கிரீட்டை வழித்து இழுக்கிற மட்டப்பலகை எதன் மேல் ஓடுகிறதோ, தரை அதே மாதிரிதான் வரும்.

அதனால் பைப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு அங்குல சதுர இரும்பு பைப்பைக் கலவைக் கட்டிகளின் மேல் உட்கார வைத்து, இரண்டு வரிசைக்கு நடுவே 6 முதல் 8 அடி இடைவெளி விடுவேன். இடைவெளி அதற்கு மேல் போனால் பலகை நடுவில் தொய்கிறது, இழுக்கிற ஆளுக்கும் இடுப்பு போய்விடுகிறது. பைப்புக்குப் பதிலாக மட்டப்புள்ளி (தரை உயரத்துக்கு அங்கங்கே வைக்கிற கலவைப் புள்ளி) மட்டும் வைத்து வேலை செய்கிற மேஸ்திரிகள் நிறையப் பேர். சின்ன அறைக்கு அது போதும். பத்துக்குப் பத்து அடிக்கு மேல் போனால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் கண் மதிப்புதான் வேலை செய்யும், அங்கேதான் பள்ளம் விழும். பைப்பை எடுத்த தடத்தை ஜல்லியுள்ள கலவையால் உடனே நிரப்பிவிட வேண்டும். சிமெண்ட் பாலை ஊற்றி மூடினால் பிறகு அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும்.

பைப்பை மட்டம் வைப்பதற்கு ட்யூப் லெவல்தான் இன்றைக்கும் என் முதல் கருவி. விலை மலிவு, கண்ணாடி மாதிரி தெரிகிற ட்யூப், உள்ளே தண்ணீர். மூலை திரும்பினாலும் சுவர் குறுக்கே வந்தாலும் மட்டம் கொண்டுபோகும். கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம். உள்ளே காற்றுக் குமிழி இருக்கவே கூடாது, குறி போடும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். பழைய ட்யூப் மஞ்சளாகி, பாசி பிடித்துத் தண்ணீர்க் கோடு தெரியாமல் போகும்போது மாற்றிவிடுவேன். முதலில் எல்லாத் தூணிலும் தரை மட்டத்திலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு கோடு. அதிலிருந்து டேப் பிடித்துக் கீழே இறங்கினால் எந்த இடத்திலும் தரை எங்கே வர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

லேசர் லெவல் வாங்கி ரொம்ப நாளாகிறது. உள் அறைகளில் பச்சைக் கோடு அருமையாகத் தெரியும், ஒரே ஆள் போதும், வேலை பாதி நேரத்தில் முடிகிறது. வெயிலில் கோடு கண்ணுக்குத் தெரியாது, அதைப் பிடித்துக் காட்டுகிற ரிசீவர் வேண்டும். மலிவான கோட்டு லேசர்களில் 10 மீட்டர் தூரத்துக்குக் கூடக் குறைய 3 மி.மீ. வித்தியாசம் வரலாம் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். அறைக்கு அது பிரச்சினை இல்லை. நீளமான ஷெட்டுக்கு நான் அதை மட்டும் நம்புவதில்லை, ட்யூபிலோ ஆட்டோ லெவலிலோ (ஸ்டாண்டில் வைத்துத் தொலைநோக்கி வழியாக மட்டம் பார்க்கும் கருவி) ஒரு தடவை சரிபார்ப்பேன். ஸ்டாண்டை வைப்ரேட்டர் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ரசமட்டமோ (குமிழி மட்டம்) லேசரோ, வாங்கிய அன்றும் மாதம் ஒரு முறையும் ஒரு குறி வைத்து, கருவியை அப்படியே திருப்பி வைத்து அதே இடத்தைப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தக் கருவி பொய் சொல்கிறது.

அடுத்தது அலுமினிய மட்டப்பலகை. பெட்டி மாதிரி செக்‌ஷன்தான் நல்லது, கனம் குறைந்ததை வாங்க வேண்டாம். மரப்பலகையையும் நிறைய நாள் ஓட்டியிருக்கிறோம். ஈரம் குடித்து வளைவதால் அதை விட்டாயிற்று. ஆனால் அலுமினியத்துக்கும் ஒரு எதிரி உண்டு. ஈர சிமெண்டில் இருக்கிற காரம் அலுமினியத்தை அரிக்கும். வேலை முடிந்ததும் கழுவாமல் சாய்த்து வைத்தால், வெள்ளை வெள்ளையாகப் பூத்து, அடிவிளிம்பில் சிறு குழிகள் விழும். அதோடு எம்-சாண்ட் உரசி உரசி, பைப் மேல் ஓடும் இரண்டு இடமும் தேய்ந்துபோகும். வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. பலகையைத் திருப்பிப் போட்டு முனைக்கு முனை நூல் இழுத்துப் பிடித்தால் தேய்ந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். அன்றைக்கு அந்தப் பலகைக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

இழுக்கிற விதம்தான் நேரில் பார்த்துக் கற்க வேண்டியது. பக்கத்துக்கு ஒரு ஆள், ரம்பம் அறுக்கிற மாதிரி இடமும் வலமும் அசைத்துக்கொண்டே பின்னால் வர வேண்டும். பலகைக்கு முன்னால் ஓரங்குல உயரத்துக்குக் கான்கிரீட் எப்போதும் உருண்டு வர வேண்டும். அதைவிட அதிகமானால் பலகை தூக்கிக்கொள்ளும், குறைந்தால் பின்னால் குழி தெரியும். மூன்றாவது ஆள் மண்வெட்டியோடு அந்த உருளையைப் பார்த்துக்கொண்டே இருப்பது முக்கியம். என் டீமில் அந்த இடத்தில் புது ஆளை நிறுத்தவே மாட்டேன்.

ஷெட் தரைக்கு இரட்டைப் பீம் வைப்ரேட்டிங் ஸ்கிரீடை, அதாவது அதிர்ந்துகொண்டே மட்டம் அடிக்கும் மெஷினை, வாடகைக்கு எடுக்கிறேன். ஓரத்துக்கு இரும்புச் சேனல் கட்டி, அதன் மேல் அது ஓடும். வேகம் நன்றாக இருக்கிறது, மேல்பகுதியும் இறுகுகிறது. அதை வைத்துக்கொண்டு, கான்கிரீட்டுக்குள் இறக்கி அதிர வைக்கிற ஊசி வைப்ரேட்டரைத் தவிர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேனல் ஓரத்திலும் மூலையிலும் ஊசி இறங்கியே ஆக வேண்டும். கலவை தளதளவென்று இருந்தால் இந்த மெஷின் ஜல்லியை அமுக்கிச் சிமெண்ட் பாலை மேலே கொண்டுவந்துவிடும். அந்தத் தரை பார்க்க அழகாக இருக்கும், வண்டி ஓட ஓடத் தூசி கிளம்பும். ரெடிமிக்ஸ் வண்டியில் தண்ணீர் விடச் சொல்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, இளக்கம் வேண்டுமென்றால் பிளாண்டிலேயே அட்மிக்ஸர் (இளக்கம் தருகிற ரசாயனம்) போட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் அதிகம் புழங்காத ஒரு கருவியை மனதாரச் சிபாரிசு செய்கிறேன்: புல் ஃப்ளோட். அகலமான உலோகத் தகடு, நீளக் கைப்பிடி. பலகை இழுத்த கையோடு, அது போன திசைக்குக் குறுக்கே இதைத் தள்ளி இழுத்தால் பலகை விட்ட வரிகள் அடங்கிவிடும். தள்ளும்போது முன்விளிம்பையும் இழுக்கும்போது இந்தப் பக்க விளிம்பையும் லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கான்கிரீட்டில் கால் வைக்காமலே வேலை முடிவது பெரிய லாபம். கான்கிரீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் மேலே கசிய ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அப்புறம் காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையத் தரைகள் கெடுகின்றன. கசிந்த தண்ணீர் மேலே பளபளவென்று நிற்கும்போது தேய்த்தால் அது மேல்தோலுக்குள்ளேயே அடைபடும், சில மாதத்தில் தோல் உரிந்து வரும். நான் வேலை கற்றுக்கொண்ட மேஸ்திரி அண்ணன், "தண்ணி மேல நிக்குது தம்பி, இப்பத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார். ஓனர் அவசரப்படுத்தினாலும் எழுந்திருக்க மாட்டார். தண்ணீரை இழுக்க உலர்ந்த சிமெண்டைத் தூவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், உரிந்து வருவது அந்தத் தூள் அடுக்குதான். மினுமினுப்பு போய், ஏறி நின்றால் காலடி கால் அங்குலத்துக்கு மேல் பதியாத பக்குவம் வந்ததும் சின்ன இடத்துக்கு மணியாஸ் கட்டை (கையால் தேய்க்கிற மரக்கட்டை), பெரிய இடத்துக்கு பவர் ட்ரோவல் (சுழன்று தேய்க்கிற மெஷின்). ட்ரோவலில் முதலில் தட்டு, பிறகு பிளேடு. பிளேடைச் சாய்ப்பதும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது எங்கள் பக்கம் கணக்கே வேறு. கசிகிற தண்ணீரைக் காற்று உடனே கொண்டுபோய்விடுவதால், மேலே காய்ந்தும் உள்ளே இளகியும் இருக்கும். காய்ந்துவிட்டது என்று ஏமாந்து ஏறக் கூடாது. விட்டுவிட்டுப் போனாலும் மேலே மெல்லிய விரிசல்கள் ஓடிவிடும். அந்த மாதங்களில் சாயங்காலம் கொட்டி, காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டி, ஃபினிஷிங்குக்கு நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி வைக்கிறேன். இறுகிய பிறகு பாத்தி கட்டித் தண்ணீர். பிபிசி (PPC) மாதிரி கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது, நான் 14 நாள் விடச் சொல்வேன்.

குளியலறை, பால்கனி, மொட்டைமாடிக்கு மட்டத்தைவிட வாட்டம் முக்கியம். நூற்றுக்கு ஒன்று, அதாவது 10 அடிக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலம். பைப்பை வைக்கும்போதே அந்த வாட்டத்தில் வைத்துவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர் சொந்தமாக வாங்க வேண்டியவை: ட்யூப் லெவல், கனமான இரண்டு மட்டப்பலகை, நேரான பைப்புகள், ஒரு புல் ஃப்ளோட். லேசர் அடுத்து வரலாம். ஸ்கிரீடையும் ட்ரோவலையும் தொடர்ச்சியாக ஷெட் வேலை வரும்வரை வாடகைக்கே எடுங்கள். எடுக்கும்போது பீமுக்கு அடியில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள், ட்ரோவல் பிளேடுகள் எல்லாம் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் தரையில் வட்ட வட்டமாகக் கோடு விழும், மொத்த செட்டையும் மாற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.