எங்கோ காற்று இழுக்கிறது: 21 வயதுக் காரும் ஒரு ரப்பர் குழாயும்

2004-இல் வாங்கிய பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) எஞ்சின், இதுவரை 1,71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பதிவை 2019-இலும் 2024-இலும் புதுப்பித்தாயிற்று. கிளட்ச் இரண்டு முறை, ரேடியேட்டர் ஒரு முறை மாற்றினேன். இவை வயதுக்கு உரிய செலவுகள். 2021-இல் ஐந்து மாதம் என்னை அலைய வைத்த கோளாறைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். இதே கோளாறுக்காக நல்ல வண்டிகளைக் காயலான் கடை விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

மதுரை காளவாசல் சிக்னலில்தான் முதலில் கவனித்தேன். கியர் நியூட்ரலில், கால் ஆக்சிலரேட்டரில் இல்லை. எஞ்சின் தானாக ரேஸ் ஆகி நிமிடத்துக்கு 1,800 சுற்று வரை போனது, சட்டென்று 1,100-க்கு விழுந்தது, மறுபடி ஏறியது. மூச்சு வாங்குகிறவரின் நெஞ்சு போல, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வேகம் உயர்ந்தே நிற்கும், ஊசலாடாது. சூடேறிய பிறகுதான் இந்த ஆட்டம்.

முதல் மெக்கானிக், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் திராட்டில் பாடியைக் கழற்றிக் கார்பனைச் சுத்தம் செய்தார். பயனில்லை. பிளக்குகள் மாற்றினோம், ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்றை ஒழுங்குபடுத்தும் வால்வும் மாற்றினோம். வால்வுக்கு மட்டும் நான்காயிரம் ரூபாய்க்கு மேல். கடைசியில் திராட்டில் பாடியில் இருக்கும் ஐடிலிங் ஸ்குருவை முழுக்க இறுக்கி, ஐடிலிங் காற்று போகும் வழியை அடைத்துவிட்டார். ஆட்டம் நின்றது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. அந்த ஸ்குரு பின்னால் என்னை இன்னொரு முறை ஏமாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டியிருந்தது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. இழுவை பழையபடியே இருந்தது. இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. காலை எடுத்த பிறகும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் முன்னே தள்ளிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் பிரேக்கை மிதித்தேன்.

நோய் என்னவென்று அந்த மலைப்பாதையே சொல்லியிருந்தது. ஏறும்போது திராட்டில் நன்றாகத் திறந்திருக்கும். எஞ்சினுக்குள் ஏராளமான காற்று போகும். எங்காவது ஒரு விரிசல் இருந்தால், அதன் வழியே வரும் சிறிது காற்று அதில் ஒரு பொருட்டே இல்லை. காலை எடுத்தால் திராட்டில் மூடிக்கொள்ளும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) உச்சத்தில் இருக்கும். அப்போது சின்ன விரிசலும் பெரிய வாசல்தான். மிதிக்கும்போது சரியாக ஓடி, நிற்கும்போது மட்டும் தடுமாறும் வண்டியில் முதலில் காற்றுக் கசிவைத்தான் தேட வேண்டும். இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும், அம்பாசிடர் காலத்து மெக்கானிக் பெரியவர். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “எங்கோ காற்று இழுக்கிறது தம்பி, எதையும் மாற்ற வேண்டாம், தேடுவோம்” என்றார்.

ஏன் ஏறி ஏறி இறங்குகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. என் வண்டியில் காற்றின் அளவைக் கணிப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார். கசிவால் அழுத்தம் கூடினால், காற்று கூடுதலாக வருகிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டும். வேகம் ஏறும். திராட்டில் மூடியிருக்கும்போது வேகம் இவ்வளவு இருந்தால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று எண்ணிப் பெட்ரோலை அடியோடு நிறுத்தும். வேகம் விழுந்ததும் மறுபடி கொடுக்கும். குளிர்ந்த எஞ்சினில் அப்படி நிறுத்தும் வேக வரம்பு உயரம். அதனால்தான் காலையில் ஆட்டம் இல்லை. காற்றை நேராக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் கதை வேறு. அங்கே கசிந்து வரும் காற்று கணக்கிலேயே வராது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் கலவை மெலிந்து எஞ்சின் நடுங்கும்.

மேனிஃபோல்டில் உள்ள இழுப்பைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்குவம் கேஜ் ஒன்று வாங்கினேன். மதுரை போன்ற சமவெளி ஊரில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும், முள் அசையக் கூடாது. உயரம் ஆயிரம் அடி கூடினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். என் வண்டியில் 13-க்கும் 16-க்கும் இடையே முள் ஆடியது.

பெரியவர் முதலில், பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை நெருக்கிப் பார்த்தார். அங்கே கசிந்தால் பிரேக்கின் பலமே குறையும் என்பதால் அதுதான் முதல் சோதனை. மாற்றம் இல்லை. அடுத்து, எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸை நடுவில் நெருக்கினார். வேகம் லேசாகக் குறைந்தது, ஆட்டம் நிற்கவில்லை. முந்தைய மெக்கானிக்கும் இங்கேதான் அதை நல்ல ஹோஸ் என்று விட்டுவிட்டார். பெரியவர் விடவில்லை. ஒரு முழ நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கையை அசைக்காமல் நின்று, டியூபை என் காதில் வைத்தார். சன்னமான சீறல், பால் குக்கர் விசில் அடிக்கும் முன் வருவது போல.

அந்த இடத்தில் சிரிஞ்சால் சில துளி தண்ணீர் விட்டார். சீறல் அடங்கியது. ஊசலாட்டம் நின்று வேகம் கீழே வந்தது. தண்ணீரை உறிஞ்சிய பிறகு பழையபடி சீறியது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். தண்ணீர் போதும்.

அந்த இடத்தில் இருந்த பி.சி.வி. ஹோஸைக் கழற்றிப் பார்த்தோம். மேலே கறுப்பாக, பளபளப்பாக, புதிது போல இருந்தது. மேனிஃபோல்டில் செருகும் வளைவின் அடிப்பக்கம் எண்ணெய் ஊறி வெல்லப்பாகு போலப் பிசுபிசுத்தது. கட்டைவிரலால் மடக்கியதும் விரல் நகம் நீளத்துக்கு விரிசல் வாய் திறந்தது. விரிசல் மேனிஃபோல்டு பக்கம் இருக்கும்போது, ஹோஸை நடுவில் நெருக்கினால் கசிவு எப்படி நிற்கும்? ஹோஸின் விலை 140 ரூபாய்.

புது ஹோஸைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் உடனே நின்றது. மறுபடியும் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர் ஸ்குரு டிரைவரை எடுத்து, அன்று முழுக்க இறுக்கிய ஐடிலிங் ஸ்குருவை இரண்டரைச் சுற்றுத் தளர்த்தினார். அதுவரை விரிசல் வழியே வந்த காற்றில்தான் எஞ்சின் ஓடியிருக்கிறது. விரிசலை அடைத்ததும் மூச்சுக்கு வழியில்லை. 850-இல் நின்றது, முள் 19-இல் அசையாமல் இருந்தது. கசிவைச் சரிசெய்த பிறகு வண்டி நின்றுபோனால் புதுப் பாகத்தைச் சந்தேகிக்காமல் இந்த ஸ்குருவைப் பாருங்கள்.

அதன்பின் 33,000 கி.மீ. ஓடிவிட்டது. 2023-இல் காலையில் மட்டும் எஞ்சின் லேசாக நடுங்கியது, சூடானதும் சரியானது. கேஜ் 16 காட்டியது. இன்ஜெக்டர்களின் அடியில் உள்ள ஓ ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) பிளாஸ்டிக் போல இறுகியிருந்தன. நான்கையும் மாற்றினேன். இம்முறை கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேஜை மாட்டிப் பார்க்கிறேன். போன ஞாயிறு 18.5. பெட்ரோல் ஆவியைக் கொண்டுவரும் மெல்லிய ஹோஸ் முனையில் கிளிப்புக்குக் கீழே முடி போன்ற கோடுகள் தெரிகின்றன. இன்னும் சீறவில்லை. அரை மீட்டர் வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன், இந்த வாரம் மாற்றிவிடுவேன்.