நியூஸ்பிளர்: கூடி வாசிப்பதற்கான செய்தியோடைத் திரட்டியும் அதில் செப்பனிட வேண்டியவையும்

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் நாங்கள் ஐந்து பேர், அன்றாடம் கவனிக்க வேண்டிய தளங்களையும் வலைப்பதிவுகளையும் தனித்தனியே திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு, ஓராண்டாக நியூஸ்பிளர் என்னும் செய்தியோடைத் திரட்டியில், அதாவது பல தளங்களின் புதிய இடுகைகளை அவற்றின் ஓடைகள் வழியே ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் கருவியில், அவற்றைச் சேர்த்து வாசித்து வருகிறோம். இதன் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் யாவருக்கும் திறந்திருப்பதால், குறைகளைச் சொல்வதோடு நில்லாமல் திருத்தங்களை நாமே எழுதி முன்மொழியலாம். அப்படி முன்மொழிவதற்கு முன் எது நன்றாக இருக்கிறது, எது மாற வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கூடி வாசிக்க விரும்பும் சிறு குழுக்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் வாசித்ததை மற்றவர் முன் எடுத்துவைக்கும் வழக்கம் தமிழ் இணையத்துக்குப் புதிதன்று. 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்னும் வலைப்பதிவுத் திரட்டி, இடுகைகளைத் திரட்டியதோடு எந்த இடுகைக்கு மறுமொழிகள் வருகின்றன என்பதையும் காட்டியதால்தான் பலரும் அங்கே நாள்தோறும் சென்றார்கள். கூகுளின் செய்தியோடைத் திரட்டியான கூகுள் ரீடர் 2011 அக்டோபர் இறுதியில் தன் பகிர்வு வசதிகளை நீக்கியபோதும், 2013 ஜூலை 1 அன்று முற்றிலும் மூடப்பட்டபோதும், வாசகர்கள் இழந்தவற்றுள் ஓடைகளின் பட்டியலைவிடப் பெரியது அந்த உடன்வாசிப்பே என்பது என் எண்ணம். பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வேறிடத்தில் ஏற்றிவிடலாம். நண்பர் இரண்டு வரி எழுதி அனுப்பிய பரிந்துரைகளையும் அவற்றின் கீழ் நடந்த உரையாடல்களையும் அப்படிப் பெயர்த்து நட முடியாது. சாமுவேல் கிளே 2009-இல் எழுதத் தொடங்கிய நியூஸ்பிளர், 2012-இல் 'பிளர்பிளாக்' என்ற பெயரில் பகிர்வு வசதியைச் சேர்த்தது அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது.

இதன் தலைசிறந்த கூறு, வாசகரே திரட்டிக்குக் கற்பிக்கும் முறை. தலைப்பில் வரும் ஒரு சொல், எழுதியவர், குறிச்சொல், அல்லது முழுத் தளம் ஆகியவற்றுள் எதையும் விருப்பம் என்றோ வேண்டாம் என்றோ குறித்துவிட்டால், விரும்பியவை பச்சையாகவும் வேண்டாதவை சிவப்பாகவும் பிரிந்துவிடுகின்றன. ஒரே இடுகைக்கு இரண்டும் பொருந்தினால் பச்சையே வெல்லும். நமக்கு எது பிடிக்கும் என்று மறைவாக ஊகிக்கும் முறைகளைவிட, நாம் சொன்னதை மட்டுமே செய்து, ஏன் செய்தது என்பதையும் காட்டும் இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் தமிழ்த் தலைப்புகளுக்கு வரும்போது இந்த முறை தடுமாறுவது இயல்பே. தலைப்புச் சொற்கள் எழுத்துத் தொடராகவே ஒப்பிடப்படுகின்றன. தமிழிலோ வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் சொல்லின் ஈறே மாறிவிடுகிறது. 'கணினி' என்று கற்பித்தால் 'கணினியில்', 'கணினிகள்' இரண்டும் அகப்படும்; 'தமிழகம்' என்று கற்பித்தால் 'தமிழகத்தில்' அகப்படாது. 'நூல்' என்பதும் 'நூலை', 'நூலுக்கு' ஆகியவற்றைத் தவறவிடும், ஏனெனில் கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் புள்ளி தனிக் குறியாகவே நிற்கிறது; உருபு சேரும்போது அந்த இடத்தில் வேறு குறி வந்துவிடுகிறது. இதற்கான எளிய மருந்தும் அதே யூனிகோடிலேயே இருக்கிறது. கற்பித்த சொல்லின் இறுதிக் குறியை (புள்ளியையோ உயிர்க்குறியையோ) நீக்கிவிட்டு ஒப்பிட்டால் 'நூலை' கிடைப்பது மட்டுமன்றி, ஒற்று இரட்டிக்கும் 'வீடு', 'ஆறு' போன்ற சொற்களும் 'வீட்டில்', 'ஆற்றில்' என்ற வடிவங்களோடு பொருந்திவிடுகின்றன. மகர ஈற்றுச் சொற்களுக்கு மட்டும் 'ம்' முழுவதையும் நீக்க வேண்டும். 'பொருள்' என்பது 'பொருட்கள்' ஆகும் இடங்களில் இந்த உத்தியும் தோற்கும். 'மரம்' என்று கற்பித்தவருக்கு 'மரணம்' பற்றிய செய்தியும் வந்து சேரும். ஆகவே இதை எல்லாருக்கும் திணிக்காமல், வேண்டியவர் தேர்ந்துகொள்ளும் விருப்பமாக வைப்பதே முறை. இவற்றோடு 'கொ', 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளை இருவேறு குறிவரிசைகளில் உள்ளிட முடியும் என்பதால், ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதும் இன்றியமையாதது.

பகிர்வில் நாங்கள் விரும்பும் மாற்றம் சற்றுப் பெரியது. பிளர்பிளாக் என்பது ஒவ்வொருவருக்கும் உரிய தனி ஏடு. அதில் ஒருவர் ஓர் இடுகையைப் பகிர்ந்து குறிப்பு எழுதினால், மற்றவர்களின் மறுமொழிகள் அந்தக் குறிப்பின் கீழ் சேர்கின்றன. ஒரே இடுகையை மூவர் பகிரும்போது மூன்று குறிப்புகளும் அவற்றுக்கான மறுமொழிகளும் தனித்தனியே நிற்கின்றன. பலரைப் பின்தொடரும் வாசகருக்கு இந்த அமைப்பு பொருத்தமானதுதான். ஒரு சொல்லை எப்படித் தமிழாக்குவது என்று முடிவுசெய்ய வேண்டிய ஐவருக்கு உரையாடல் ஒரே இடத்தில் நடந்தாக வேண்டும். அதைப் போலவே, ஒருவர் தந்த பயிற்சி அவருடைய கணக்கோடு நின்றுவிடுகிறது. நான் ஒரு தளத்தில் விளம்பர இடுகைகளை விலக்கக் கற்பித்திருந்தாலும், அதே தளத்தை வாசிக்கும் என் தோழர் அந்த உழைப்பை மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. குழுவுக்கென ஒரு பொதுக் கோப்புறை, அதில் யாவரும் ஓடைகளைச் சேர்க்கும் உரிமை, ஒருவரின் பயிற்சியை மற்றவர் பார்த்து ஏற்றுக்கொள்ளும் வழி ஆகிய மூன்றும் வந்தால் இது உண்மையிலேயே கூட்டு வாசிப்புக் கருவியாகும். பயிற்சி தானாகவே அனைவருக்கும் பரவுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்; ஒருவருடைய சிவப்பு மற்றொருவருக்குத் தெரியாமலேயே ஒரு செய்தியை மறைத்துவிடக் கூடாது.

செலவைப் பொறுத்தவரை, இலவசக் கணக்கில் 64 தளங்கள் வரை சேர்க்கலாம். கட்டணக் கணக்குக்கு ஆண்டுக்கு 36 டாலர். வாசகர் குறைவாக உள்ள ஓடைகளைத் திரட்டி அடிக்கடி சென்று பார்ப்பதில்லை என்பதால், சிறிய தமிழ் வலைப்பதிவுகளை வாசிப்பவர்களுக்குக் கட்டணக் கணக்கின் பயன் கூடுதலாகத் தெரியும். வாசிக்காத இடுகைகள் இலவசக் கணக்கில் 14 நாளும் கட்டணக் கணக்கில் 30 நாளும் வாசிக்காதவையாகவே நிற்கும். மாதம் ஒருமுறை கூடிப் பேசும் குழுவுக்கு முன்னது போதாது.

எங்கள் திட்டத்தில் குறிவரிசையைச் சீராக்குவதை முதலில் வைத்திருக்கிறோம், ஏனெனில் அது சில வரிகளில் முடியக்கூடியது. தவிரவும் தமிழுக்கு மட்டுமன்றி மலையாளம், வங்காளம் வாசிப்பவர்களுக்கும் அதே நன்மை கிடைக்கும். ஈறு நீக்கி ஒப்பிடுவதற்கான சோதனைச் சொற்பட்டியலை இப்போது தொகுத்து வருகிறோம். பொருந்த வேண்டிய சொற்களைவிட, 'மரணம்' போலப் பொருந்தக் கூடாத சொற்களைச் சேர்ப்பதற்கே அதில் கூடுதல் நேரம் செலவாகிறது. பொதுக் கோப்புறைக்கான முன்மொழிவை, இவ்விரண்டும் ஏற்கப்பட்ட பிறகே அனுப்புவோம்.