30 மீட்டர் என்று எழுதிய 19 மீட்டர்

அந்தமானுக்குச் சுற்றுலா போகும்போது அப்படியே ஸ்கூபா டைவிங்கில் அடுத்த நிலைப் பயிற்சியையும் முடித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிப்ரவரியில் நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். 18,000 ரூபாய் போயிற்று. பணம் போனதைவிடப் பெரிய தலைவலி, நான் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லும் ஓர் அட்டை இப்போது என் பெயரில் இருக்கிறது.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, இது ஒரே ஒரு கடையின் பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

டைவிங் பக்கமே போகாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. முதல் நிலைச் சான்றிதழை இரண்டு வருடங்களுக்கு முன்பு புதுச்சேரியில் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்தது 'அட்வான்ஸ்டு'. பெரும்பாலான இடங்களில் இது ஐந்து டைவ் கொண்ட பயிற்சி. ஆழத்தில் இறங்குவதும், திசைகாட்டியை வைத்து நீருக்கடியில் வழி கண்டுபிடிப்பதும் கட்டாயம். மீதி மூன்றை நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்: இரவு டைவ், மிதப்புக் கட்டுப்பாடு, மூழ்கிய கப்பல் என்று பல உண்டு. முடித்தால் 30 மீட்டர் வரை போக அனுமதி. பெரிய தேர்வு எதுவும் கிடையாது, இரண்டு நாளில் முடிந்துவிடும். விடுமுறைக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல அடங்கிவிடுகிற பயிற்சி என்பதால்தான் கடற்கரைத் தீவுகளில் இதைக் கூவிக் கூவி விற்கிறார்கள்.

நாங்கள் போனது ஹேவ்லாக். 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கப்பல் டிக்கெட்டில் அந்தப் பெயர், பேச்சில் பழைய பெயர். போவதற்கு முன்பே நான்கு கடைகளில் விலை கேட்டிருந்தேன். மூன்று கடைகள் 23,000, 24,000 என்றன. நான்காவது கடை 18,000. தொலைபேசியை எடுத்த தம்பி தமிழில் பேசினார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமாம். "அக்கா, நீங்கள் வந்தால் மட்டும் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஊர்விட்டு ஊர் போன இடத்தில் அக்கா என்று ஒரு குரல் கேட்டால் மனம் இளகிவிடுகிறது. முன்பணமாகப் பாதி கேட்டார். நானாகவே முழுத் தொகையையும் அனுப்பிவைத்தேன். இந்தப் புத்திசாலித்தனத்தை என் கணவர் இன்றுவரை மறக்கவிடவில்லை.

கடைக்குப் போனதும் முதலில் செய்தது, அட்டைக்காக என்னைப் புகைப்படம் எடுத்தது. அப்புறம்தான் காகிதங்கள். மருத்துவக் கேள்வித்தாள் ஒன்று உண்டு: ஆஸ்துமா, இதயம், காது, அறுவைச் சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள். சிலவற்றுக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், சிறு வயதில் தனக்கு இழுப்பு இருந்தது என்று சொல்லத் தொடங்கினார். "எல்லாவற்றிலும் இல்லை என்றே போட்டுவிடுங்கள் சார்" என்று பதில் வந்தது. அவரும் போட்டார். நான் அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்க வேண்டும்.

தொலைபேசியில் சொன்ன இடங்கள் டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ். இரண்டும் ஹேவ்லாக்கில் பெயர்போன ஆழமான இடங்கள். கூட்டிப்போனது நீமோ ரீஃப், லைட்ஹவுஸ், அக்வேரியம். இவை மோசமான இடங்கள் இல்லை. மீன்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் முதல்முறை வருகிறவர்களை இறக்கிக் காட்டும் இடத்தில் 30 மீட்டர் ஆழம் எங்கிருந்து வரும்?

முதல் டைவின் பெயர் மிதப்புக் கட்டுப்பாடு. படகில் ஏறிப் பார்த்தால் எங்களோடு ஒரு தேனிலவுத் தம்பதி. இருவருக்கும் நீச்சல் தெரியாது. அவர்களைச் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியவரும் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவரும் ஒரே ஆள். அவர்மீது எனக்குக் கோபமில்லை, இரண்டு கையும் நிறைந்திருந்த மனிதர் என்னதான் செய்வார்! நான் பின்னால் நீந்திப் போனேன். அவ்வளவுதான் பயிற்சி.

இரண்டாவது, 'ஆழ டைவ்'. என்னிடம் பழைய டைவ் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, அலுவலகத் தோழியிடம் பாதி விலைக்கு வாங்கியது. கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் ஆழம், நேரம், எவ்வளவு நேரம் பாதுகாப்பாகக் கீழே இருக்கலாம் என்பதையெல்லாம் காட்டும், பதிவும் செய்துகொள்ளும். அன்று அது காட்டிய அதிகபட்ச ஆழம் 19.2 மீட்டர். மேலே வந்து "முப்பது போகவில்லையே" என்றேன். "இன்று கீழே நீரோட்டம் அதிகம், இதுவே ஆழம்தான்" என்றார்கள். மறுநாள் என் டைவ் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தபோது அந்த டைவுக்கு நேராக 30 என்று எழுதியிருந்தது.

பத்து மீட்டர் வித்தியாசத்துக்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்பீர்கள். 30 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். மேலே ஒரு மணி நேரம் வருகிற சிலிண்டர் அங்கே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பேடி (PADI) என்ற சான்றிதழ் நிறுவனத்தின் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் இருந்துவிட்டு நேராக மேலே வரலாம். 30 மீட்டரில் அது 20 நிமிடம்தான். அதோடு நைட்ரஜன் மயக்கம் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஆழத்தில் சிலருக்கு இரண்டு மிடறு மது உள்ளே போனதுபோலத் தலை கிறங்கும், எளிய கணக்குகூட வராது, வரவில்லை என்பதும் தெரியாது. அதனால்தான் முறையாகக் கற்பிக்கிறவர்கள் கீழே ஒரு பலகையைக் கொடுத்துச் சின்னப் புதிர் ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள். மேலே எடுத்த நேரத்தையும் கீழே எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். சிவப்பு நிறம் அங்கே எப்படி மங்கிப்போகிறது என்பதைக் காட்டுகிறார்கள். நம் தலை எப்படிக் கிறங்கும் என்பதை, ஆபத்தில்லாமல், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்த டைவே. எனக்கு அது தெரியாது. அட்டையோ எனக்குத் தெரியும் என்கிறது. நாளை வேறோர் ஊரில் அந்த அட்டையைப் பார்த்து, நம்பி, என்னை ஆழத்துக்குக் கூட்டிப்போவார்கள்.

மூன்றாவது டைவ், திசையறிதல். 30 மீட்டர் தூரத்துக்கு எத்தனை முறை கால் உதைக்கிறோம் என்று எண்ண வேண்டும். திசைகாட்டியைப் பார்த்து நேர்கோட்டில் போய்த் திரும்பி வர வேண்டும், சதுரமாகச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். எனக்குப் படகில் வைத்து ஒரு திசைகாட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே பட்டாணி அளவுக்குக் காற்றுக்குமிழ். முள் குமிழில் மாட்டிக்கொண்டு, நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முழங்கையையே வடக்கு என்றது. "சும்மா கட்டிக்கொள்ளுங்கள் அக்கா, நான் முன்னால் போகிறேன்" என்றார் அன்றைக்கு வந்த வேறோர் ஆள். அவர் பயிற்றுநரே அல்ல, வழிகாட்டி மட்டும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த டைவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 12 மீட்டர் ஆழத்தில் ஒரு கல்லிடுக்கில் சிங்க மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினேன், அடுத்த மூச்சுக்குத் தண்ணீர் வந்தது. பல்லுக்கிடையில் ரப்பர் வாய்ப்பகுதி அப்படியே இருக்கிறது. மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் மட்டும் கழன்று தோளுக்குப் பின்னால் தொங்குகிறது. ரப்பரை உலோகத்தோடு இறுக்கிக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை அதில் இல்லவே இல்லை. ஒரு ரூபாய் பெறுமா அது? கடித்திருந்த ரப்பரைத் துப்ப வேண்டும் என்று தோன்றவே ஒரு கணம் ஆயிற்று. பிறகு கை தானாக மார்புப் பக்கம் போய் மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைத்தது. புதுச்சேரியில் அந்த மனிதர் இருபது முறை செய்யவைத்த பாடம். அன்று அவரைத் திட்டியிருக்கிறேன். முன்னால் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிலிண்டரில் கத்தியின் பிடியால் தட்டித்தான் அழைக்க வேண்டியிருந்தது.

மேலே வந்து காட்டினேன். "ஓ, இதுவா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியிலிருந்துதான் மறுநாளைக்கும் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை இரவு டைவ். படகில் ஏதோ கோளாறு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நாளைக்கும் படகு சரியாகவில்லை. அன்றிரவு சந்தைப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் மின்னஞ்சல் வந்தது: வாழ்த்துகள், நீங்கள் இப்போது அட்வான்ஸ்டு டைவர். நான் முடித்திருந்தது மூன்று டைவ். பயிற்றுநர் என்று போட்டிருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. முதல் நாள் எடுத்த படம் மட்டும் என்னுடையது. "முப்பது மீட்டருக்குக் கீழே மீன் குழம்பு கிடைக்கிறதா?" என்று கேட்டார் என் கணவர்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், தேநீர் வரவழைத்தார். ஐந்தில் மூன்றுதான் நடந்தது, அதிலும் இரண்டு பெயருக்குத்தான், மீதிப் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "அட்டைதான் வந்துவிட்டதே மேடம்?" என்றார். வருகிறவர்களில் பாதிப் பேர் அட்டைக்காகவே வருகிறார்கள், சீக்கிரம் கிடைத்தால் சந்தோஷப்படுகிறார்கள், நான் ஒருத்திதான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு சமாதானத்துக்கு வந்தார். மறுநாள் காலை 6 மணிக்குத் தனிப் படகு, 8:30க்குள் இரண்டு டைவையும் முடித்துத் தருகிறேன் என்றார். மறுநாள் 10 மணிக்கு எங்களுக்குக் கப்பல், பகல் 2 மணிக்குப் போர்ட் பிளேரிலிருந்து விமானம். அது அவருக்குத் தெரியும்; அவர்களே வாங்கிவைத்த படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பல டைவ் செய்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது முதல் நிலையிலேயே சொல்லித்தரும் பாடம். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானத்தில் காற்றழுத்தம் குறைந்ததும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழாக வெளியே வரும். மூட்டில் வந்தால் வலி, தண்டுவடத்தில் வந்தால் கால் விழுந்துவிடும். அதற்குச் சிகிச்சை அளிக்கும் அழுத்த அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில்தான் இருக்கிறது. நானோ வானத்தில் இருந்திருப்பேன். "ஒன்றும் ஆகாது, நிறையப் பேர் போயிருக்கிறார்கள்" என்றார். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

என் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறாயிரம் குறைவு என்றதும், எதைக் குறைத்து அந்த ஆறாயிரம் வருகிறது என்று கேட்கவில்லை. எந்த டைவ், எந்த இடத்தில், எந்த நாளில் என்று எழுதி வாங்கவில்லை. கற்றுக்கொடுக்கப்போகிறவர் யார், அவருடைய பயிற்றுநர் எண் என்ன என்றும் கேட்கவில்லை. அந்த எண்ணைச் சான்றிதழ் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால், இப்போது கற்பிக்கும் தகுதியில் இருக்கிறாரா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்டால் தயங்குகிற கடையிலிருந்து அப்போதே வெளியே வந்துவிடுங்கள். படகில் கூட வருகிறவர்கள் யார் என்பதையும் கேளுங்கள். முதல்முறை இறங்குகிறவர்களோடு சேர்த்துக் கூட்டிப்போகிறார்கள் என்றால் உங்களுக்குப் பயிற்சி கிடையாது. பெயர்களும் ஏமாற்றும்: எஸ்.எஸ்.ஐ. (SSI) என்ற இன்னொரு சான்றிதழ் நிறுவனத்தின் முறையில் ஐந்து டைவ் பயிற்சிக்கு 'அட்வான்ஸ்டு அட்வெஞ்சரர்' என்று பெயர். அவர்கள் 'அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர்' என்று சொல்வதற்கு நான்கு சிறப்புப் பயிற்சிகளும் 24 டைவும் வேண்டும். எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். கம்ப்யூட்டரை வாடகைக்காவது எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போயிருந்தால் 30 மீட்டர் போய்வந்தேன் என்றுதான் நானும் நம்பியிருப்பேன்.

ஹேவ்லாக்கே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் கிளம்பிய காலையில், கடற்கரையில் வேறொரு கடையின் ஆள் மணலில் கோடு போட்டு, இரண்டு பெண்களைக் கையில் திசைகாட்டியோடு சதுரமாக நடக்கவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் இறங்கும் முன் தரையில் ஒத்திகை. தலையில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, திசைகாட்டியை மட்டும் பார்த்து நடக்கச் சொன்னார். ஒரு பெண் தென்னை மரத்தில் போய் முட்டிக்கொண்டாள். கப்பலுக்கு நேரமாகியும் நான் நின்று பார்த்தேன். 23,000 கேட்ட கடை அது.

சான்றிதழ் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பதிவேட்டுப் பக்கங்களின் படமும் கம்ப்யூட்டர் பதிவும் கேட்டார்கள், கொடுத்தேன். இன்னும் முடிவு வரவில்லை. போன மாதம் புதுச்சேரியில் என் பழைய ஆசிரியரிடம் பதிவேட்டைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். 30ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 19.2 என்று எழுதினேன். "சரி, வருகிற சனிக்கிழமை திசைகாட்டியோடு வாருங்கள், முதலிலிருந்து தொடங்கலாம்" என்றார். கட்டணம் எவ்வளவு என்று இந்த முறை நான் பேரம் பேசவில்லை.