அடுக்ககத்து வாசலுக்கு மேக்னெட் லாக்கா, எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்கா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் அடுக்ககத்தின் வாசல் கதவுக்குக் கார்டு பூட்டு வைப்பது என்று முடிவானதும், பார்க்க வந்த இருவர் இரண்டு வழி சொன்னார்கள். ஒருவர் மேக்னெட் லாக், இன்னொருவர் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக். நாங்கள் மேக்னெட் லாக் போட்டோம். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன், பேட்டரியைக் கவனிக்க ஆள் இருந்தால்.

கார்டா கைரேகையா என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. சி.எம்.சி. மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்து சில மாதம் வாடகைக்கு இருந்துவிட்டுப் போகிற குடும்பங்கள் இங்கே நிறைய. காலி செய்கிற அன்று அவர்கள் கார்டை ரத்து செய்தால் போதும். பாத்திரம் தேய்த்து, பீடி சுற்றி ரேகை தேய்ந்த விரல்களைக் கைரேகை ரீடர் பல சமயம் ஏற்காது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவைத் தினமும் வாசலில் நிற்க வைப்பது நியாயமில்லை. கார்டிலும் 125 கிலோஹெர்ட்ஸ் வகையைத் தவிருங்கள், அதைச் சுலபமாக நகல் எடுத்துவிடலாம்.

இனி பூட்டு. ஸ்ட்ரைக் என்பது நிலைச்சட்டத்தில் பதிக்கிற பகுதி. கதவுப் பூட்டின் நாக்கு அதற்குள் போய் உட்காரும். கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கிற வகையை எடுத்தால், திறக்கும் சில விநாடிகளுக்கு மட்டும்தான் மின்சாரம் தேவை. உள்ளிருந்து கைப்பிடியைத் திருகி எப்போதும் வெளியே வரலாம். இதெல்லாம் உண்மையான பலம்.

ஆனால் எங்கள் கதவு கனமான இரும்புக் கதவு, நாள் முழுக்க அடிபடுகிறது. கீல் கொஞ்சம் தளர்ந்து கதவு தொங்கினால் நாக்கு குழிக்குள் சரியாக இறங்காது, இறங்கினாலும் அழுத்தத்தில் சிக்கிக்கொள்ளும். அது எந்த நாளில் நடக்கும் என்று சொல்ல முடியாது.

மேக்னெட் லாக் என்பது கரண்ட் ஓடும் வரை கதவில் மாட்டிய இரும்புத் தகட்டை இழுத்துப் பிடிக்கிற மின்காந்தம், கரண்ட் நின்றால் பிடியை விட்டுவிடும். அதில் அசையும் பாகமே இல்லை. சாதாரணமாகக் கிடைப்பது 280 கிலோ இழுவையைத் தாங்கும் வகை. கதவில் மாட்டுகிற இரும்புத் தகட்டை மட்டும் கவனித்து மாட்டச் சொல்லுங்கள். நடு போல்ட்டில் ரப்பர் வாஷர் போட்டு, தகடு லேசாக ஆடும்படி விட வேண்டும். முறுக்கி இறுக்கிவிட்டால் காந்தத்தோடு படியாது. காகித அளவு இடைவெளி விழுந்தாலே பிடி பாதியாகக் குறையலாம்.

இதன் செலவு பேட்டரியில் இருக்கிறது. பூட்டியிருக்கும் நேரம் முழுவதும் 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். கார்டைப் படிக்கிற ரீடர், அதைச் சரிபார்த்துப் பூட்டைத் திறக்கிற கண்ட்ரோலர் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். புது 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஏழெட்டு மணி நேரம் தாங்கலாம். மாதாந்திர பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்துகிற மின்சாரம் சாயங்காலம் வரை வராத நாள் உண்டு, அதற்குச் சரியாக இருக்கும். பேட்டரி பழசானால் மதியமே கதவு திறந்துகொள்ளும்.

வேலூர் வெயிலில் அது சீக்கிரமே பழசாகும். இந்த மூடிய ஈய அமில பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரிக்குத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். கத்திரியில் வெளியே 40 தாண்டும்போது மேற்குச் சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும்! அதனால் பெட்டியைப் படிக்கட்டுக்கு அடியில், காற்று போகிற மாதிரி வைத்தோம். பங்குனியில் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்து, குறைந்திருந்தால் கத்திரிக்கு முன்பே மாற்றிவிடுகிறோம். மாற்றுவது கடையில் வாங்கி இரண்டு வயரை மாட்டுகிற வேலைதான். தொங்கிய கதவைச் சரிசெய்ய வெல்டரைத் தேட வேண்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்பக்க அவசர ஸ்விட்ச் கண்ட்ரோலருக்குச் செய்தி அனுப்புவதாக இருக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து பூட்டுக்குப் போகிற வயரையே துண்டிக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் பேட்டரி கதவைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மீட்டர் பெட்டியில் தீப்பிடித்தால் மேல்மாடிப் பெரியவர்கள் பூட்டிய வாசலில் சிக்கக் கூடாது.

ஸ்ட்ரைக்கை வாசலில் வைத்துப் பழகிய அனுபவம் எனக்கு இல்லை. உறவினர் ஒருவரின் கிளினிக்கில் பார்த்ததுதான். அங்கே இலகுவான மரக்கதவு, பிரச்சினை என்று கேள்விப்படவில்லை. ஆள் தங்காத, கரண்ட் போனாலும் பூட்டியிருக்க வேண்டிய மோட்டார் ரூம் மாதிரி இடத்துக்கு நானும் ஸ்ட்ரைக்தான் கேட்பேன்.