வணிக உறுப்பினர் திட்டம்: கட்டணத்துக்கு ஏற்ற சேவையா?

அலுவலகப் பொருள்களுக்காக ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் வணிக உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்திருக்கிறோம். இதில் முதலில் பார்க்க வேண்டியது எளிய கணக்குதான்: தள்ளுபடி 2 சதவீதம் என்றால், ஆண்டுக் கட்டணத்தைப் போல் 50 மடங்குக்குப் பொருள் வாங்கினால்தான் கட்டிய பணமே திரும்பும். அந்த அளவை நாங்கள் எளிதில் கடந்துவிட்டதால் விலையில் குறை சொல்வதற்கில்லை.

வாடிக்கையாளர் சேவைதான் மிகுந்த வருத்தம் தந்தது. பிரிண்டருக்குப் பொருந்தாத டோனர் வந்தபோது, உறுப்பினர்களுக்கென்றே உள்ள தொலைபேசி எண்ணில் பேசிய ஒவ்வொருவரும் புகார் எண்ணைக் கேட்டுக்கொண்டு, முழு விவரத்தையும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சரியான டோனர் வருவதற்குள் வெளியில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. கிடங்கில் இருந்த ஊழியர் மட்டும் பொறுமையாகக் கேட்டு, பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே ரசீதும் கொடுத்தார். உறுப்பினர் கட்டணம் ஆண்டுதோறும் தானாகவே பிடித்துக்கொள்ளப்படுகிறது என்பதால், புதிதாகச் சேருபவர்கள் அந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே நிறுத்திவைப்பது நல்லது.